சும்மா தலையாட்டாத மாமாவுக்கு

மாமா, கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கிறோம். வீடு முழுக்க பெயிண்ட் வாசம். வேலை முடிந்து நீங்கள்தான் உள்ளே வருகிறீர்கள் என்று என் மூக்கு நம்பிவிட்டது. நானும் அதனிடம் விஷயத்தை உடைக்கவில்லை. முன்னறைச் சுவரில் உங்கள் ‘க’ அட்டை இன்னும் ஒட்டியிருக்கிறது. அம்மா அதன் முன்னால் பிரஷ்ஷோடு நின்று, “இத எடுத்துரவா புள்ள?” என்று கேட்டாள்.

அந்த அட்டை வந்த கதை நினைவிருக்கிறதா? கொடைக்கானலின் சிவப்புக் கூரைகளில் பாதி உங்கள் கைவண்ணம். தகரத்தின் மேல் பூனை மாதிரி நடந்தவர், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு கட்டிலைவிட்டு எழுவதற்கே சுவரைப் பிடித்தீர்கள்.

“ஊரச் சுத்துறவ நானு. தல சுத்துறது ஒங்களுக்கா?” என்றேன்.

“சிரிக்க வைக்காத கழுத, வீடு கவுந்துரும்” என்று கண்ணை இறுக மூடிக்கொண்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி அக்கா விளக்கினார். உடம்பு நிதானமாக நிற்பதற்குக் காதுக்குள் ஒரு நரம்பு வேலை செய்கிறதாம். காய்ச்சல் அதைக் கெடுத்துவிட்டது. இனி மூளைதான் புதிதாகப் பழக வேண்டும். “சுத்துதேன்னு படுத்தே கெடந்தா பழகாதுண்ணே. சுத்தட்டும். எழுத்துலருந்து கண்ண எடுக்காம தலைய ஆட்டுங்க. நடுவுல நிறுத்தக் கூடாது.” ‘க’ என்று எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னார். முதலில் இடம் வலமாக. பிறகு மேலும் கீழுமாக.

மேலும் கீழுமாக! எனக்கு வேறென்ன வேண்டும்?

பள்ளி விட்டதும் ஓடி வருவேன். நீங்கள் ‘க’வை முறைத்தபடி ஆட்டத் தொடங்கியதும் பக்கத்தில் பணிவாக நின்று கேட்பேன். “மாமா, ஸ்கூல் டூருக்குப் போகட்டுமா?” ஆமாம். “ஒங்க செல்போன நான் வச்சுக்கவா?” ஆமாம். “கணக்குல ஃபெயிலு, அம்மாட்ட நீங்களே சொல்லிருங்களேன்?” ஆமாம், ஆமாம். ஆட்டி முடித்த கையோடு தலையணையை எடுத்து என் மேல் எறிவீர்கள். அது கதவில் போய் விழும். “குறி தப்புது மாமா, இன்னும் கொஞ்சம் ஆட்டுங்க” என்பேன். சில நாளில் நீங்கள் உஷாராகிவிட்டீர்கள். நான் வாயைத் திறந்ததும் இடம் வலம். “கேளு தாயி, என்ன வேணும்னாலும் கேளு!”

ஒரு சாயங்காலம் ஜன்னல்வரை மேகம் இறங்கியிருந்தது. நீங்கள் மேலும் கீழுமாக ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். அதே விளையாட்டுக் குரலில்தான் கேட்டேன்: “மறுபடி கூரை ஏறுவீங்களா மாமா?”

உங்கள் தலை நின்றுவிட்டது. நடுவில் நிறுத்தியது அந்த ஒரு தடவைதான்.

“இதுக்குச் சும்மா தலையாட்ட மாட்டேன். மேகம் எறங்குனா கண்ணுக்குப் புடிமானம் இருக்காது. அப்பயும் நிக்க முடியணும். ஏறி நின்னுட்டுச் சொல்றேன்.”

கூரையைத் தவிர வேறு சோலி தெரியாதவர் நீங்கள்.

அதற்குப் பிறகுதான் கண்ணை மூடிக்கொண்டு தலையணை மேல் நிற்கிற பயிற்சி. பின்னால் கைகளை விரித்தபடி நான். “தொடாத. விழுந்தா மட்டும் புடி.” உங்கள் இடுப்பு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் கிச்சுக்கிச்சு மூட்டாமல் நின்றேனே, அது என் வாழ்நாள் சாதனை.

அக்கா சரி என்ற பிறகு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நம் வீட்டுக் கூரையில்தான் முதலில் ஏறினீர்கள். முகட்டில் எழுந்து நின்றதும் மேகம் வந்து மூடியது. ஏணி தெரிந்தது, நீங்கள் தெரியவில்லை. “வெரசா எறங்கிருடா தம்பி!” என்று அம்மா கத்தினாள். தகரத்தில் ஒரு சத்தமும் இல்லை.

மேகம் விலகியது. அதே இடத்தில், எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருந்தீர்கள். கீழே என்னைக் கண்ணால் தேடிப் பிடித்து, மெதுவாக, மேலும் கீழுமாக ஒரே ஒரு முறை தலையாட்டினீர்கள்.

பிறகு எத்தனையோ கூரைகளில் நடந்துவிட்டு, போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டீர்கள். நெஞ்சுவலி. “கூரையிலருந்து விழுந்துட்டாரா?” என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. சர்ச்சில் பார்க்கிறவர்கள், “இப்பத் தேறிட்டியாம்மா?” என்கிறார்கள். தலையாட்டினால் போய்விடுவார்கள். நான் ஆட்டுவதில்லை. “ஏறி நின்னுட்டுச் சொல்றேன்” என்கிறேன். திருதிருவென்று விழிக்கிறார்கள். அதில் கொஞ்சம் சந்தோஷம், மறைப்பானேன்?

“எடுத்துரவா? இப்பப் பரவால்லயா ஒனக்கு?” அம்மா மறுபடி கேட்டாள். நான் தலையை எந்தப் பக்கமும் அசைக்கவில்லை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பிரஷ்ஷை நனைத்து, அட்டையின் ஓரத்தில் படாமல் சுற்றி அடிக்கத் தொடங்கினாள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன் மாமா. ஏணியில் பாதி ஏறிவிட்டேன். இங்கே இன்னும் மேகமாகத்தான் இருக்கிறது. முகட்டுக்கு வந்ததும் தலையாட்டுகிறேன், பார்த்துக்கொண்டே இருங்கள்.