உன் முகத்துக்குப் பின்னால் இருந்த சுவர்

என் பக்கத்து வீட்டுக்காரியே, கூடப் பிறக்காமலே கூட இருந்த ஜெய்த்தூனே,

நீ போன பிறகு ஒரு நோன்பும் ஒரு பெருநாளும் வந்து போய்விட்டன. நோன்புக் கஞ்சியை உன் மருமகள் ஷாகினா வழக்கம்போல மதிலுக்கு மேலே எட்டி நீட்டினாள். உப்பு கொஞ்சம் கம்மி. அவளிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொல்கிறேன். உன் முட்டிவலி அங்கேயும் கூட வந்துவிட்டதா, இல்லை இங்கேயே விட்டுவிட்டுப் போனாயா?

சொல்ல ஒரு பெரிய சேதி இருக்கிறது. என் பேத்தி இலக்கியா முதன்முதலாகத் தனியாக எடுத்துச் செய்த வீடு எது தெரியுமா? உன் வீடுதான்.

அவள் அந்தப் படிப்பில் சேர்ந்த அன்று நீ கேட்டது எனக்கு மறக்கவில்லை. “ஏண்டி அஞ்சல, பீரோவ எங்க வக்கிறது, கட்டில எங்க போடறதுன்னு சொல்றதுக்கு ஒரு படிப்பா? நம்ம வூட்டுல கட்டில் போட ஒரே எடந்தான இருக்குது?” நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஐந்தாவதோடு நின்ற எனக்கு அது என்ன வேலை என்று விளங்கவே வெகுநாள் ஆனது. தெருவில் யாராவது கேட்டால், “இன்டீரியர்” என்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுவேன். ஆனால் அந்த வார்த்தையைச் சத்தமாகத்தான் சொல்லுவேன். நாலு வீட்டுக்குக் கேட்கட்டும் என்று.

நீ போன அன்று உன் மகன் ரபீக்கால் வந்து சேர முடியவில்லை. துபாயிலிருந்து ஒருவன் கிளம்பி வருகிறவரை மண் காத்திருக்குமா? உன் கடைசி முகத்தையும் அவன் போனில்தான் பார்த்தான். அதன் பிறகு லீவு கிடைத்து வந்தவன், வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போக மனசில்லாமல் நின்றான். ஹாலுக்குள் வந்தால் உட்கார மாட்டான். டீயைக் கூட என் வீட்டில் வந்துதான் குடித்தான்.

“பெரிம்மா, இந்த ஹால அடையாளம் தெரியாம மாத்திடணுங்க,” என்றான். “எல்லாத்தயும் மாத்தணும். பாப்பாவையே செய்யச் சொல்லுங்க.”

இலக்கியா அப்போதுதான் சென்னை ஆபீஸை விட்டுவிட்டுத் தனியாகச் செய்யப்போகிறேன் என்று கிளம்பியிருந்தாள். கையில் ஒரு வேலையும் இல்லை. முதல் வேலை சரியாக அமைந்தால்தான் அடுத்தவன் கூப்பிடுவான் என்று அவள் அம்மாவுக்கும் கவலை, எனக்கும் கவலை. ரபீக்கின் லீவோ கொஞ்ச நாள்தான். அவன் விமானம் ஏறுவதற்குள் எப்படிச் செய்வது என்று முடிவாக வேண்டும். முடிவாகவில்லை என்றால், மங்கலம்பேட்டையில் அவன் சிநேகிதன் வீட்டைச் செய்த கம்பெனிக்காரர்களிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். அதைக்கூட அவன் தயங்கித் தயங்கித்தான் சொன்னான் பாவம்.

இவள் படம் போட்டுக் கொண்டுபோய்க் காட்டினாள். கம்ப்யூட்டரில் உன் ஹாலைப் பார்த்தபோது எனக்கே மலைப்பாக இருந்தது. கூரையில் தங்க நிறக் கோடு, அதற்குள் ஒளிந்திருக்கும் விளக்கு, டிவிக்குப் பின்னால் சுவர் முழுக்கப் பளிங்கு மாதிரி ஒரு பலகை. ரபீக் பார்த்தான். “நல்லா இருக்குது பாப்பா.” அவ்வளவுதான். இவள் வேறு மாதிரி போட்டுக் கொண்டுபோனாள். “இதுவும் நல்லா இருக்குது.” மூன்றாவதும் நன்றாகத்தான் இருந்ததாம். எதைச் செய்யலாம் என்று கேட்டால் மட்டும் கையிலிருக்கும் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

“ஆயா, திட்டினாக்கூடப் பரவால்ல. நல்லா இருக்குது நல்லா இருக்குதுன்னே சொல்லிக் கொல்றாரு மாமா,” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

இந்த வேலைக்கெல்லாம் யோசனை எங்கிருந்து வரும் என்று நான் அன்றுதான் அவளிடம் கேட்டேன். போனைக் காட்டினாள். எந்தெந்த நாட்டு வீடுகளோ, விரல் வலிக்கத் தள்ளினாலும் முடியவில்லை. அது போதாது என்று ஊரையும் சுற்றினாள். பழமலைநாதர் கோவிலில் தூண்களுக்கு நடுவில் வெயில் விழுவதைப் படம் பிடித்தாள். ஜங்ஷன் பிளாட்பாரத்தில் ரயிலுக்குக் காத்திருக்கிறவர்கள் பெட்டியை வைத்து எப்படி இடம் பிடிக்கிறார்கள் என்று பிடித்தாள். நான் வேலை பார்த்த பீங்கான் கம்பெனிக்கும் போய், சுடுவதற்கு முன்னால் பலகையில் வரிசையாகக் காயும் சாமான்களைப் பிடித்தாள். படம்தான் சேர்ந்தது. உன் ஹாலுக்கு எதுவும் ஒட்டவில்லை.

ஒரு சாயங்காலம் கடைசி முயற்சியாக உன் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். ரபீக் வாசல்படியில் உட்கார்ந்திருந்தான். ஷாகினா அடுப்படியில் இருந்தாள்.

“மாமா, உங்களுக்குப் புடிச்ச மாதிரி ஏதாவது ஒரு ரூம் போட்டோ வச்சிருப்பீங்கல்ல? அதக் காட்டுங்க, போதும்.”

அவன் போனைத் திறந்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டான். அவள் தள்ளிக்கொண்டே போனாள். திடீரென்று சிரிப்பை அடக்க முடியாமல் என் பக்கம் திருப்பினாள். நீ. போனில் முகம் பார்த்துப் பேசும்போதே அவன் பிடித்து வைத்த படங்கள். எத்தனை வருஷத்துப் படங்கள்! ஆனால் நீ போனைப் பிடிக்கிற லட்சணம்தான் ஊருக்கே தெரியுமே. ஒரு படத்தில் நெற்றி மட்டும். ஒரு படத்தில் மூக்குக்கண்ணாடியும் ஒரு காதும். முழு முகம் விழுந்த படம் ஒன்று தேற வேண்டுமே. பாதி நெற்றி, மீதியெல்லாம் சுவர்.

“எத்தினி தடவ சொல்லியிருப்பேன், போன நேராப் புடின்னு,” என்றான் ரபீக். “கேக்கவே கேக்காது. வூட்டச் சுத்திக் காட்டும்மான்னா, வூடு போனுக்குள்ள வராதுடா, வந்து பாத்துக்கோன்னு சொல்லும்.”

எல்லாரும் சிரித்தோம். இலக்கியா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். பிறகு இன்னொன்று. பிறகு அதற்கும் முந்தின ஒன்று. அவள் உன்னைப் பார்க்கவில்லையடி. உனக்குப் பின்னால் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுவரில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் குமிழ்கள் நினைவிருக்கிறதா? கரண்டுக் கம்பி கட்டுகிற குமிழ்கள். எங்கள் கம்பெனியில் கோணல் என்று கழித்துப் போட்டதை நான் முந்தானையில் முடிந்து கொண்டுவந்தேன். துணி மாட்டலாம் என்று நீயும் நானும் சிமெண்டு குழைத்து வரிசையாகப் பதித்தோம். உன் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, “ரெண்டு கொத்தனாரம்மாவும் நல்லா இருக்கணும், ஒண்ணு கூட நேரா இல்ல,” என்று கும்பிட்டாரே, அதே குமிழ்கள்தான்.

“மாமா, நன்னிம்மாவுக்குப் பின்னாடி ஒரு சட்ட தொங்குதே, யாருது இது?” என்றாள் இலக்கியா. நீ அவளுக்கு எப்போதும் நன்னிம்மாதானே.

அவன் எட்டிப் பார்த்தான். “என்னுது மாரிதான் இருக்குது.”

“இதுல ஊதா. இதுல கட்டம் போட்டது. இது அதுக்கும் முன்னாடி, காப்பிக் கலரு. எல்லாம் ஒரே குமிழ்லதான் தொங்குது பாருங்க.”

அவன் போனை வாங்கித் தானே தள்ளிப் பார்த்தான். “எல்லாமே என்னுது பாப்பா,” என்றான். குரல் இறங்கிவிட்டது.

அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்ற ஷாகினாதான் சொன்னாள். “நீங்க கெளம்புற அன்னிக்குக் கழட்டிப் போடுறதுங்க அது. மாமி தொவைக்க வுட மாட்டாங்க. அங்கயே மாட்டி வச்சிருப்பாங்க. திரும்பி நீங்க வர்ற அன்னிக்குத்தான் எடுத்து ஊறப்போடுவாங்க.”

எனக்குத் தெரிந்த விஷயம்தான். நீ சொல்லாததை நான் ஏன் அவனிடம் சொல்லப்போகிறேன்? அவனுக்குத்தான் அத்தனை வருஷமும் தெரியவில்லை. ஏர்போர்ட்டிலிருந்து வந்து இறங்கியதும் இறங்காததுமாக நீ பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, “புள்ள வந்திருக்கேன், இப்பத்தான் பழந்துணி தொவைக்கிற நேரமா?” என்று சண்டை பிடிப்பானே. நீ சோப்புக் கையோடு நின்று சிரிப்பாயே தவிர ஒரு வார்த்தை சொல்லியிருப்பாயா?

அப்புறம் ரபீக் கேட்டான், “போன தடவ போட்டது?”

“பீரோவுல எடுத்து வச்சிருக்கேன்,” என்றாள் ஷாகினா. “தொவைக்கல. நீங்க வந்ததும் சொல்லலாம்னு பாத்தேன். நீங்க உள்ளாறயே வரலியே.”

வெள்ளையில் சாம்பல் கோடு போட்ட சட்டை. அவள் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டு அந்த ஹாலைக் கடந்து நேரே கொல்லைப்பக்கம் போனான். குழாய்த் தண்ணீர் பக்கெட்டில் விழும் சத்தம் கேட்டது. உதவிக்கு எழுந்த ஷாகினாவை நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு ஈரக்கையோடு திரும்பி வந்தவன், நீ உட்காரும் இடத்தில், அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். அன்றுதான் அவன் ஊருக்கு வந்து சேர்ந்தான் என்று வைத்துக்கொள்.

“பாப்பா, இந்தச் சொவத்த மட்டும் தொடாத,” என்றான். “இதுக்குத் தோதா மத்ததயெல்லாம் நீயே பண்ணிக்க.”

இலக்கியா அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து வரைய ஆரம்பித்துவிட்டாள். அத்தனை நாள் தயங்கித் தயங்கி வரைந்த கை, ஷாகினா கொடுத்த டீ ஆறி ஆடை கட்டுகிறவரை நிற்கவில்லை.

இப்போது உன் வீடு எப்படி இருக்கிறது என்று சொல்லட்டுமா? தங்கக் கோடும் இல்லை, பளிங்குப் பலகையும் இல்லை. அந்தச் சுவரில் உதிர்ந்த இடத்தை மட்டும் பூசி, அதே வெளிர்ப் பச்சையைத் தேடிப்பிடித்து அடித்திருக்கிறாள். அதற்கு எதிரே இருந்த சின்ன ஜன்னலை அகலப்படுத்தியிருக்கிறாள். இப்போது காலை வெயில் குமிழ்கள் வரைக்கும் வருகிறது. நீ பாய் விரித்த இடத்தில் தாழ்வாக ஒரு திண்டு, கால் நீட்டி உட்காருகிற அகலம். டிவி வேறு பக்கம் போய்விட்டது. எங்கள் பழைய கம்பெனியில் போய் அதே மாதிரிக் குமிழ்கள் வேண்டுமென்று கேட்டாளாம். “எவ்ளோ அழகழகாச் செஞ்சி வச்சிருக்கோம், ஒனக்கு இதும்மேலதான் கண்ணா?” என்று கிண்டல் செய்துகொண்டே செய்து கொடுத்திருக்கிறார்கள். வாசலிலிருந்து அடுப்படி வரைக்கும் இப்போது ஆளுக்கு ஒரு குமிழ். ஷாகினா பர்தா மாட்ட ஒன்று, பிள்ளைகளின் ஸ்கூல் பை மாட்ட ஆளுக்கொன்று. வருகிற விருந்தாளிக்கும் ஒன்று உண்டு. புதுசு எல்லாம் நேராக இருக்கிறது. நம்முடையது மட்டும்தான் கோணல். அதை நிமிர்த்தவே கூடாது என்று கொத்தனாரிடம் சொல்லி வைத்தாள்.

வேலை முடிந்ததும் பெண்ணாடத்திலிருந்து ஒரு தம்பதி வந்து பார்த்தார்கள். புதுசாக வீடு கட்டுகிறார்களாம். அந்த அம்மா எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “எங்கேருந்தும்மா ஒனக்கு இந்த ஐடியா வந்துச்சு?” என்று கேட்டது. நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து நின்றேன். குமிழ் சுமந்து வந்தவள் நானாயிற்றே, என் பேரைத்தான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“ஒரு நன்னிம்மா போனத் தப்பாப் புடிச்சதுலேருந்து வந்துச்சுங்க,” என்றாள் அவள்.

எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டேவிட்டேன். “ஆயா, நீங்க சொவத்துல வச்சீங்க. அவங்கதான காட்டுனாங்க?” என்றாள். என்னத்தைச் சொல்ல? அவளுக்கு வாய் உன்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். அந்தப் பெண்ணாடத்து அம்மா போகும்போதே அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. இப்போது இலக்கியா அங்கே போய், வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் போனில் எந்தச் சுவர் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனில் இருந்த அந்நிய நாட்டு வீடுகளையெல்லாம் அழித்துவிட்டாளா என்று கேட்டேன். “அதுவும் இருக்கட்டும் ஆயா, எடம் இருக்குதுல்ல,” என்கிறாள்.

லீவை நீட்டி வாங்கி வேலை முடிகிறவரை இருந்துவிட்டு ரபீக் திரும்பிப் போனான். கிளம்புகிற அன்று குளித்துவிட்டு வந்து, கழற்றிய சட்டையைத் தானே அந்தக் கோணல் குமிழில் மாட்டினான். இந்தத் தடவை சாம்பல் நிறம்.

போய்ச் சேர்ந்ததும் அவன் கூப்பிட்டபோது நானும் அங்கே இருந்தேன். போனை நிறுத்தி வைக்க இலக்கியா திண்டுக்கு எதிரே ஒரு சின்னப் பலகை அடித்துக் கொடுத்திருக்கிறாள், முகம் முழுசாக விழும்படி. ஷாகினா அதில் போனை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். அவள் முகம் அப்படியே அழகாகத் தெரிந்தது.

“ஏன் முழுசாத் தெரியுற?” என்றான் உன் மகன். “கொஞ்சம் தள்ளி ஒக்காரேன்.”

அவள் தள்ளி உட்கார்ந்தாள். சட்டை ஃபேன் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “லீவுக்கு இப்பவே எழுதிக் குடுத்துடறேன்,” என்றான். போனால் போனதுதான், ரெண்டு வருஷம் என்று இருந்தவன் வாயிலிருந்து இது வந்தது. வீடு போனுக்குள் வராது, வந்து பார்த்துக்கொள் என்று நீ இத்தனை வருஷம் சொன்னது இப்போதுதான் அவன் காதில் விழுந்ததா?

கவலைப்படாமல் இரு ஜெய்த்தூனு. அவன் வந்து இறங்கும்வரை அந்தச் சட்டையை யாரும் தண்ணீரில் நனைக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். ஷாகினாவுக்குக் கை வேலையாக இருக்கிற நாளில் உன் இடத்தில் நான் உட்கார்ந்து அவனிடம் பேசுவேன். பேத்தி அடித்த பலகையில் போனை வைக்க மாட்டேன். அவள் கோபித்தால் கோபித்துக்கொள்ளட்டும். கையில்தான் பிடிப்பேன், நீ பிடிக்கிற மாதிரியே. பாதி நெற்றி, மீதியெல்லாம் சுவர்.

இப்படிக்கு,
உன் ரபீக்குக்குப் பெரியம்மா, உனக்கு மதிலுக்கு இந்தப் பக்கத்து அக்கா,
அஞ்சலை