துடக்கு தொடங்கிய இடம்

இன்று காலையில் எங்கள் குசினியில் பயறு வறுபடும் மணம் எழுந்தது. உடனே உன் கடைதான் நினைவுக்கு வந்தது. என் வீட்டுக்காரி எத்தனை வருடம் வறுத்தாலும் பயற்றைக் கொஞ்சமாவது கருகவிடாமல் இறக்கமாட்டாள் என்று நீ கேலி செய்வாயே, இன்றைக்கும் அப்படித்தான். அந்தக் கருகல் மணத்தோடுதான் உனக்கு இதை எழுதுகிறேன்.

மூத்தவள் பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்து நின்றாள். ஒவ்வொருவரும் தங்கள் பரம்பரையைப் பற்றி எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று வாத்தியார் சொல்லிவிட்டாராம். எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாள். பூட்டனுக்குப் பூட்டன் பெயரைச் சொன்னால் அங்கிருந்து இறங்கி வந்துவிடலாம் என்பது அவளுடைய எண்ணம். நான் எழுந்து போய் ஒரு பிடி கடலையும், இன்னும் சட்டிக்குப் போகாத பயற்றில் ஒரு பிடியும் அள்ளிவந்து பாயில் கொட்டினேன். கடலை ஆண், பயறு பெண் என்றேன். பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். குசினி வாசலில் நின்ற தாய்க்கு மட்டும் விளங்கிவிட்டது. அகப்பையும் கையுமாக நின்று சிரித்தாள்.

அவளுக்கு விளங்காமல் இருக்குமா? அந்தக் கடலையும் பயறும் இல்லாவிட்டால் அவள் இந்தக் குசினிக்கே வந்திருக்கமாட்டாளே.

உனக்கு நினைவிருக்கும். எனக்கும் அவளுக்கும் எல்லாம் பேசி முடிந்திருந்தது. அவர்கள் பரந்தனில் காணி எடுத்து வயல் செய்த வேலணைக் குடும்பம். நாங்கள் முரசுமோட்டையில் இருந்த கரவெட்டிக் குடும்பம். சாதகம் பொருந்தி, தாலிக்குப் பொன்னுருக்க நாளும் பார்த்தாயிற்று. பரந்தன் கோயில் திருவிழாவில் அவளைக் கண்ட நாளிலிருந்து எனக்கு வயலில் நின்றாலும் நிற்கிற நினைப்பில்லை. அதை உன்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். நீ அதைக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்தாய்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய தகப்பனின் தமக்கை வேலணையிலிருந்து வந்து இறங்கினா. மாப்பிள்ளை யாருடைய மகன் என்று கேட்டிருக்கிறா. என் அப்பாவின் பெயரைச் சொன்னதும் அவா வாயில் கையை வைத்துக்கொண்டாவாம். அப்பா இறந்த செய்தி வேலணைக்குப் போனபோது, அந்த வீட்டில் முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை சாவுத் தீட்டாகத் துடக்குக் காத்தார்களாம். கோயிலுக்குப் போகாமல், நல்ல காரியம் ஒன்றிலும் கலந்துகொள்ளாமல், ஒரு பங்காளி செத்தால் எப்படி இருப்பார்களோ அப்படி.

இதைக் கேட்டதும் என் அம்மாவின் முகம் செத்துவிட்டது. வேலணைப் பக்கத்து ஆள் ஒருவருக்கு அப்பாவும் துடக்குக் காத்ததாகச் சொன்னவர் என்று அவாவும் சொன்னா. பிறகென்ன? இரண்டு பக்கமும் துடக்கு இருந்தால் தகப்பன் வழியில் ஒரே இரத்தம். ஒரே இரத்தம் என்றால் அவளும் நானும் தங்கை, தமையன். அவளுடைய தகப்பன் நல்ல மனிதர், கோபப்படவில்லை. ஆடி மாதம் முடியும்வரை பார்ப்போம், ஆவணி பிறந்தால் பிள்ளைக்கு வேறு இடம் பார்க்கத்தான் வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

நான் நேரே கிளிநொச்சிக்கு வந்து உன் கடையில் அரிசி மூட்டையின் மேல் இருந்தேன். அழக்கூடத் தெம்பில்லை. நீ ஒரு தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு, துடக்கென்றால் என்னவென்று கேட்டாய். முல்லைத்தீவு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? நான் விளங்கப்படுத்த விளங்கப்படுத்த, அது காய்ச்சல் மாதிரித் தொற்றுமா, தண்ணீரில் கழுவினால் போகுமா என்றெல்லாம் குறுக்கே கேட்டாய். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனால் அதுவரை ஒருவரும் கேட்காத கேள்விகளை நீதான் கேட்டாய்.

கடைப் பலகையைத் துடைத்துவிட்டு, கடலையிலும் பயற்றிலும் கொஞ்சம் அள்ளி வைத்தாய். என்னைப் பெரிய பாட்டனிலிருந்து தொடங்கவிடவில்லை.

"உன்னிலை இருந்து தொடங்கு, மச்சான். நீயெண்டா தெரிஞ்ச ஆள். தெரியாத ஆக்களிலை தொடங்கினா எல்லாரும் ராசா வம்சத்திலைதான் போய் நிப்பினம்."

என்னை ஒரு கடலையாக வைத்து, மேலே அப்பா அம்மா, அவர்களுக்கு மேலே அவர்களைப் பெற்றவர்கள் என்று ஏறினோம். பலகையின் மறுபக்கத்தில் அவளுடைய ஆட்கள் ஏறினார்கள். நடுவில் யாரோ எண்ணெய் வாங்க வந்த நேரம் கடைக் கோழி பலகையில் ஏறி என் பூட்டனைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. போகவேண்டிய வயதுதான் என்று சொல்லிக்கொண்டு நீ இன்னொரு கடலையை வைத்தாய். பொழுதுபடும்வரை பார்த்தோம். கரவெட்டிக் கடலை ஒன்றும் வேலணைப் பக்கம் போகவில்லை. வேலணைப் பயறு ஒன்றும் கரவெட்டிக்கு வரவில்லை.

எங்களுக்குத் தெரியாத மேல் தலைமுறையில் எங்கேயோ சேர்ந்திருக்கலாம் என்றேன். நீ ஒப்புக்கொள்ளவில்லை. இந்தத் துடக்கை எனக்கு யார் சொன்னது என்று கேட்டாய். அம்மா. அம்மாவுக்கு யார் சொன்னது? அப்பா. பரந்தனில்? தமக்கை. தமக்கைக்கு? அவாவின் தாய். என்ன முறையில் துடக்கு என்று அந்தத் தாய் சொன்னாவா? இல்லை. அப்பா சொன்னாரா? அவரும் இல்லை. நீ பலகையில் தட்டிச் சிரித்தாய்.

"ரெண்டு வீட்டிலயும் ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. அவைக்குத் தெரியுமெண்டு நீங்கள் இருக்கிறியள். உங்களுக்குத் தெரியுமெண்டு அவை இருக்கினம்."

மேலே ஏறியது போதும், இனி முதல் துடக்கு எது என்று தேடுவோம் என்றாய். மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாய். நான் கேட்டபோது தெரியாது, தெரியாது என்ற அம்மா, நீ கேட்டபோது கதை கதையாகச் சொன்னா. நீ அவாவிடம் உறவுமுறையைப் பற்றிக் கேட்கவே இல்லை. முதன்முதல் வன்னிக்கு வந்தபோது குடியிருந்த கொட்டில் எந்தப் பக்கம் வாசல் வைத்திருந்தது, தண்ணீர் எங்கே அள்ளினீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றுதான் கேட்டாய். அந்தப் பேச்சுக்குள்ளிருந்துதான் அது வந்தது. அம்மா என்னைக் கைக்குழந்தையாகக் கொண்டு வன்னிக்கு வருவதற்கு முந்தைய மாரியிலேயே அந்தத் துடக்கு நடந்து முடிந்துவிட்டது. பெண்கள் வருமுன் காடு வெட்ட வந்த ஆண்கள் சிலர் ஒரே கொட்டிலில் ஒரே பானையில் சமைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் உயிரோடு, முல்லைத்தீவுப் பக்கம், மனைவியின் ஊரான தண்ணீரூற்றில் இருக்கிறார். இதைக் கேட்டதும் நீ துள்ளினாய். அவர் அங்கே உன் பெரியப்பாவின் கடையில் கடன் சொல்லிச் சாமான் வாங்குகிற ஆளாம்.

முல்லைத்தீவு பஸ்ஸில் நாங்கள் போன அந்த நாள் எனக்கு இப்போதும் புழுதி மணத்தோடு நினைவிருக்கிறது. வழிமுழுக்க நீ பேசிக்கொண்டே வந்தாய். பங்காளிதான் என்று அந்த மனிதர் சொல்லிவிட்டால் திரும்பி வரும் பஸ்ஸில் எப்படி ஏறுவேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் தென்னங்கிடுகு வேலி அடைத்துக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தமாட்டேன் என்றார். கதை வேண்டுமென்றால் வேலியைப் பிடியுங்கள் என்றார். நீ வெளிப்பக்கம் நின்று கயிற்றை வாங்கிக் கொடுத்தாய், நான் உட்பக்கம் நின்று கிடுகைப் பிடித்தேன். உன் முகம் எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லத் தொடங்கியதும் வேலிக்கு அந்தப் பக்கம் உன் பேச்சு நின்றுபோனது மட்டும் தெரிந்தது.

அந்த மாரியில் கொட்டிலில் எல்லாருக்கும் காய்ச்சல். வேலணைப் பெடியன் ஒருவன், இவளுடைய தகப்பனின் தமையன், தாங்கவில்லை. கனகராயன் ஆறு பெருகி வழியெல்லாம் வெள்ளம். ஊருக்குச் சொல்லி ஆள் வருவதென்றால் பிரேதம் தாங்காது. கொள்ளி வைக்க உரித்துக்காரன் ஒருவனும் இல்லை. பிறத்தியான் கொள்ளி வைக்கலாமோ, வைத்தால் துடக்கை யார் காப்பது என்று மழைக்குள் நின்று வாக்குவாதப்பட்டிருக்கிறார்கள். அப்போது என் அப்பா முன்னுக்கு வந்தாராம்.

"கொப்பன் அதிகம் கதைக்காத ஆள். 'அப்ப அந்தத் துடக்கு எனக்கு' எண்டான். அவ்வளவுதான். கொள்ளியை வாங்கிக்கொண்டு முன்னுக்கு நடந்தான்."

அவர்களுக்குள் சொந்தம் ஏதும் இருந்ததா என்று நான் கேட்டேன். அவர் கயிற்றை இறுக்கிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சொந்தமோ? ரெண்டு பேரும் காட்டுக்குள்ளைதான் ஆளை ஆள் கண்டவங்கள்."

அப்பா அந்தியேட்டிவரை துடக்குக் காத்து, எட்டாம் நாள் சடங்கும் மற்றச் செலவுகளும் தன்னால் இயன்றபடி செய்து, பிறகுதான் வேலணைக்குச் சொல்லியனுப்பியிருக்கிறார். அதற்குப் பதிலாகத்தான் அப்பா இறந்தபோது வேலணையில் அந்தப் பெடியனின் தாய் தன் வீட்டிலும் துடக்குக் காக்க வைத்திருக்கிறா. ஏனென்று அவாவும் பிள்ளைகளிடம் சொல்லவில்லை.

கிடுகைப் பிடித்தபடியே நான் அழுதேன். அவள் எனக்குத் தங்கையில்லை என்ற ஆறுதல் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அப்பா. எனக்கு மீசை முளைக்குமுன்னரே போய்விட்டவர். கதையில்லாத, சிரிப்பில்லாத ஒரு மனிதர் என்றுதான் அவரை நினைத்து வைத்திருந்தேன். பெண்ணைத் தேடிப்போன இடத்தில் எனக்கு அப்பாவும் கிடைத்தார்.

பரந்தனுக்கு வந்து இதைச் சொல்லுங்கள் என்று அவரைக் கேட்டோம். வேலியை முடித்துத் தந்தால் வருகிறேன் என்றார். நெல்லுக்குள் கை வைத்துப் பழகிய நானும், தராசு பிடித்துப் பழகிய நீயும் அன்று அவருடைய வளவு முழுக்க வேலி அடைத்தோம். நீ கட்டிய பக்கம் அடுத்த காற்றுக்கே விழுந்திருக்கும்.

பரந்தனில் அவர் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். அவளுடைய தகப்பன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தமையன் எப்படிப் போனான் என்று அன்றுதான் அவருக்கு முழுதாகத் தெரிந்தது. தமக்கைக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. கொள்ளி வைத்தவன் கூடப்பிறந்தவன் மாதிரித்தானே என்று முணுமுணுத்தா. தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அக்கா, என்ரை அண்ணனுக்குக் கொள்ளி வைச்ச மனிசன்ரை பிள்ளைக்குக் குடாமல், நான் என்ரை பிள்ளையை வேறை ஆருக்குக் குடுக்கிறது?"

அதன் பிறகு உள்ளேயிருந்து தேத்தண்ணி வந்தது. வாயில் வைக்க முடியாத சீனி. யார் போட்டது என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அந்தச் சீனியை நீ கடைசிவரை அவளுக்குச் சொல்லிக்காட்டினாய். திரும்பும் வழியில் உன் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்த எனக்கு மதகடியில் மறுபடியும் அழுகை வந்துவிட்டது. அழுவதென்றால் இறங்கி நின்று அழு, சைக்கிள் என்னுடையது என்று பின்னாலிருந்து நீ சொன்னாய். இரண்டு பேரும் மதகில் இருந்து, வயிறு நோகச் சிரித்தோம்.

உன் ஊரில் நீ மௌத்தான செய்தி இந்தப் பங்குனியில் நெல் ஏற்ற வந்த லொறிக்காரன் சொல்லித்தான் எனக்கு வந்தது. நான் முல்லைத்தீவுக்கு வந்து சேர்ந்தபோது உன்னை அடக்கி முடிந்திருந்தது. நீ நானா என்று கூப்பிடுகிற உன் அண்ணன் என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அடக்கிய இடத்தைக் காட்டினார். உன் ஆட்களுக்குத் துடக்கு என்று ஒன்றில்லை, எனக்குத் தெரியும். நான் வீட்டுக்கு வந்து தலை தோய்ந்துவிட்டு, சாமி அறைக்குள் போகாமல் வெளியே வந்து இருந்தேன். புளியம்பொக்கணைக் கோயில் பொங்கல் வந்தது. ஊரே வண்டி கட்டிக்கொண்டு போனது, நான் போகவில்லை. பொங்கலுக்கென்று எடுத்து வைத்த பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்காரியும் நின்றுவிட்டாள். அந்தியேட்டிக்குரிய நாள் கழிந்த பிறகுதான் நாங்கள் கோயில் வாசலை மிதித்தோம்.

பாயில் இப்போது மூத்தவளின் பரம்பரை பரந்து கிடக்கிறது. தன்னிலிருந்து தொடங்கி அழகாக மேலே ஏறிவிட்டாள். ஒவ்வொரு பெயருக்கும், ஆர் சொன்னது, அவைக்கு ஆர் சொன்னது என்று உன்னைப் போலவே கேட்டுக் கேட்டு என் உயிரை எடுக்கிறாள். நீ எனக்குத் தந்த அந்தக் கேள்வியை நான்தான் அவளுக்குப் பழக்கிவிட்டேன். எல்லாம் முடிந்ததும் நான் குசினிக்குப் போய் ஓர் உளுந்தை எடுத்துவந்து என் கடலைக்குப் பக்கத்தில் வைத்தேன். இது யார் என்றாள். உன் பெயரைச் சொன்னேன். சின்னதில் உன் கடையில் கல்கண்டு வாங்கித் தின்றவள்தானே, அவளுக்கு உன்னைத் தெரியும். ஆனாலும் கொப்பியை மூடவில்லை.

"அவர் எங்களுக்கு என்ன முறை, அப்பா?"

"அவரோடை எங்களுக்குத் துடக்கு இருக்கு, பிள்ளை."

பென்சிலைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள்.

"ஆர் சொன்னது?"

"நான்தான் சொல்லுறன். எழுது."