கரும்பலகையில் பாதியில் நின்ற கடிதம்

அன்புள்ள அக்கா,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், உன் தம்பி வாத்தியார் ஆகிவிட்டான்! ஒரு வாரத்துக்குத்தான். பள்ளி மணியைப் பத்து நிமிடம் முன்னதாக அடித்ததற்குத் தலைமையாசிரியர் தந்த தண்டனை. கடிதம் எழுதி ஒருவர் மனதை மாற்றுவது எப்படி என்று மூன்றாம் வகுப்புக்குச் சொல்லித்தர வேண்டும்.

பட்டையைக் கிளப்பிவிட்டேன். என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று எழுதிவிட்டு, எதிராளி சொல்லப்போகும் மறுப்புக்கும் முன்கூட்டியே பதில் எழுத வேண்டும். ஒரு வாண்டு எழுதியது: "அம்மா, பூனை வளத்தா முடி கொட்டும்னு சொல்லுவீங்க. அப்பாவுக்கும்தான் கொட்டுது, அவர வச்சிருக்கோமே!" அந்த வீட்டில் இப்போது பூனை இருக்கிறது.

மாதிரிக்கு நான் பலகையில் எழுதியது, 'அக்கா வீட்டுக்கு வரணும்.' காரணங்களும் எழுதினேன். உன் கட்டில் சும்மா கிடக்கிறது. அம்மா இன்னமும் சாப்பாட்டுக்கு நாலு தட்டு எடுத்து, ஒன்றைத் திரும்ப வைக்கிறாள்.

பூனை வாண்டு கேட்டாள்: "அண்ணா, அக்கா என்ன மறுப்பு சொல்லுவாங்க?"

சட்டென்று பலகையை அழித்துவிட்டேன். நீ ஒளித்து வைத்திருந்த காதல் கடிதத்தை அப்பா முன்னால் விளையாட்டாக வாசித்து, நீ வீட்டைவிட்டுப் போகக் காரணமானவன் நான்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"அக்கா பதில் போட்டாங்களா?" என்று, கடிதத்தை அனுப்பிவிட்டதாக நினைத்து, வாண்டுகள் தினமும் கேட்கிறார்கள். "வந்துட்டே இருக்கு" என்று புளுகுகிறேன். உண்மையில் நான் உனக்கு எழுதவே இல்லை. இதுதான் முதல் கடிதம். உன் மறுப்புக்கு இந்த வாத்தியாரிடம் பதில் கிடையாது, அக்கா. மன்னிப்பு மட்டும்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
வாலைச் சுருட்டிக்கொண்ட உன் வாலு