உயிரோடிருந்த அக்காவுக்கு ஒரு பூசை

பிள்ளை,

என் அக்கா செல்லம்மா காலமாகிவிட்டார். நேற்று எட்டாம் நாள் படையலான எட்டுச்செலவும் முடிந்தது. இந்த முறை உண்மையாகவே.

ஊரிலிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து ரெலிபோன் எடுத்துச் சொல்லும்போது மூன்று நாள் கடந்திருந்தது. மகன் என்னைப் பிடித்துக் கதிரையில் இருத்தினான். நான் இருக்கவில்லை. எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து, கூறைச்சேலைக்கு அடியில் கையை விட்டு, நாலு வருடத்துக்கு முன் நீர் தந்த பூசை அட்டையை எடுத்தேன். வெளியே நீல முக்காடு போட்ட மாதா. உள்ளே, அச்சடித்த இங்கிலீசுக்கு நடுவில், உங்கள் பாதிரியார் பேனையால் எழுதிய அக்காவின் பெயர். இந்த ஆன்மாவின் இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும் என்று அதில் இருக்கிறதாம். அது எழுதப்பட்ட நாளில் அக்கா ஊரில் முருங்கைக்காய் பிடுங்கிக்கொண்டோ, வேலிக்காகப் பக்கத்து வளவுக்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டோ இருந்திருப்பார்.

அழுகை வரவில்லை, பிள்ளை. அக்காவுக்கு அழவேண்டிய அழுகையை உம்முடைய தோளில் முன்னமே அழுது முடித்திருந்தேன் போல.

நீரும் இப்போது இல்லை. போன மாரியில் உம்முடைய அண்ணரின் கடிதம் என் மருமகள் கௌரிக்கு வந்தது. அயர்லாந்தில், வயிற்றில் வந்த வருத்தத்தால். அப்போதே இதை எழுதியிருக்க வேண்டும். போய்ச் சேராத கடிதத்தை ஏன் எழுதுவான் என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்துவிட்டேன்.

ஆடிக் கலவரத்துக்கு அடுத்த வருடம் மகன் என்னை இங்கே, கனடாவுக்குக் கூப்பிட்டான். மல்வேர்னில் எங்கள் கட்டிடத்தில் நாங்கள் ஒன்பதாம் மாடி, நீர் ஆறாம் மாடி. நீரும் கௌரியும் பிஸ்கற் பக்டரியில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் ஒரு ஐரிஷ்காரி கண் கலங்குகிறாள் என்று கௌரி சொல்ல, என் பேத்தி வதனியோடு உம்முடைய நோராவையும் பார்க்கிறேன் என்று நானே சொன்னேன். கூலிக்கு அல்ல, ஊர்த் தலைமைக்காரரான விதானையார் வீட்டில் கூலிக்குப் பிள்ளை பார்க்கிற வழக்கமில்லை என்றும் சொல்லச் சொன்னேன். அந்தப் பெருமை அப்போதே என்னிடம் இருந்தது.

நீர் சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஆள் இல்லை. முழங்காலை இளக்கி, பாதத்தை முழுதாக வைத்து, பனிக்கட்டியில் வழுக்காமல் நடக்க என்னைப் பழக்கினீர். டொக்ரரிடம் கூட்டிப்போனீர். வதனி கூப்பிடுவதைக் கேட்டு நீரும் என்னை ‘அப்பம்மா’ என்று கூப்பிட்டீர். அதுதான் என் பெயர் என்று நினைத்து டொக்ரர் வீட்டுப் படிவத்திலும் எழுதிவிட்டீர். நேர்ஸ் வந்து “மிஸஸ் அப்பம்மா! மிஸஸ் அப்பம்மா!” என்று கூப்பிட, யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நான் அசையாமல் இருந்தேன். கௌரி அதைக் கேட்டு நிலத்தில் உட்கார்ந்து சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நோராவைக் கூட்டிப்போக நீர் வரும்போது, லிஃப்ற் கதவு திறக்கவே தைல மணம் வரும். முழங்காலில் பூசுகிற தைலம். என் கோடாலித் தைலத்தை ஒருநாள் தந்தேன். எரிவில் துள்ளிக் குதித்தீர். அடுத்த ஞாயிறு அதையே கேட்டு வாங்கினீர்.

ஒருநாள் மூலை கிழிந்த அல்பம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினீர். படத்தில் நீர், பந்தை உதைத்தபடி, இரண்டு காலும் நிலத்தில் படாமல்.

“மாமி, இவ பொழுதுபோக்குக்கு விளையாடினவ இல்லை. உது உத்தியோகம்,” என்றாள் கௌரி. “இத்தாலியிலை ஒரு கழகம் சம்பளம் குடுத்து நாலு வருசம் வச்சிருந்தது.”

“பந்தடிக்கவோ?”

“ஓம், பந்தடிக்கத்தான்.”

“பொம்பிளையளையோ?”

என் முகத்தைப் பார்த்து நீர் விழுந்து விழுந்து சிரித்தீர். பிறகு கௌரியின் வாயால் உம்முடைய கதை வந்தது. அண்ணன்மாரின் சப்பாத்துக்குள் கடதாசி அடைத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் ஆடினது. பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் ஆகாது என்று ஊர்ப் பாதிரியார் பிரசங்கத்திலேயே சொன்னது. பத்தொன்பது வயதில் ஒரு பெட்டியோடு இத்தாலிக்குப் போனது. உங்கள் நாட்டின் பச்சைச் சட்டை போட்டு ஆடினது. பிறகு முழங்கால், பிறகு நோரா, பிறகு அண்ணர் இருந்த ரொறன்ரோ. இங்கேயும் ஒரு பெண்கள் அணிக்கு ஞாயிறுகளில் ஆடினீர், சம்பளம் இல்லாமல். என்னை ஐந்தாம் வகுப்போடு ஐயா மறித்த கதையைக் கௌரி உமக்குச் சொன்னாள். நீர் உங்கள் பாதிரியாரையும் என் ஐயாவையும் சேர்த்து ஏதோ சொல்லி ஏசினீர். எவ்வளவு கேட்டும் கௌரி அதைத் தமிழில் சொல்ல மறுத்துவிட்டாள்.

இடது கரையில் ஆடுகிறவர் நீர். “கரையிலை நிக்கிறவளுக்கு ஒரு ஆட்டத்திலை ரெண்டு மூண்டு தரம்தான் நல்ல பந்து வரும், அப்பம்மா. வரேக்கை ஆயத்தமா நிக்கவேணும்.” நீர் சொல்லி, கௌரி தமிழாக்கினது. மறக்கவில்லை.

அந்தப் பந்து வந்தது. உம்முடைய பழைய கழகத்தின் பெரியவர் ஒருவர் இத்தாலியிலிருந்து வருகிறார், ஒரு ஞாயிறு இரண்டு மணி ஆட்டத்தைப் பார்க்கிறார், பிடித்தால் இரண்டு வருடத்துக்குத் திரும்பக் கூப்பிடுவார், நோராவோடு போகலாம் என்றீர். உமக்கு முப்பத்திரண்டு வயது. இதை விட்டால் இனி ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று நீரே சொன்னீர். அன்று காலையிலிருந்து நோராவைப் பார்ப்பீர்களா என்று கேட்டீர். “என்ரை பிள்ளை மாதிரிப் பாப்பன்,” என்று உம்முடைய கையில் அடித்துச் சொன்னேன்.

அதற்கு இரண்டு நாள் முன், வோபர்னில் ஒரு வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூசை. பவளமும் வந்திருந்தாள். அவள் எங்கள் ஊர், என் வயது.

“என்னடியப்பா, வெள்ளைக்காரிக்கு ஆயா வேலை பாக்கிறியாம்?”

“ஆயாவோ? பக்கத்து வீட்டுப் பிள்ளை, எங்கடை வதனியோடை விளையாடுது.”

“அவள் அரைக் காற்சட்டையோடை பந்தடிக்கத் திரியிறாளாம். பிள்ளைக்குத் தேப்பன் ஆரெண்டும் தெரியாதாம். விதானையாற்றை மோள் அந்தப் பிள்ளைக்குப் பீத்துணி மாத்திறாள் எண்டு ஊரிலை கேள்விப்பட்டால் என்ன சொல்லுவினம்?”

“கனடாவிலை ஆரப்பா விதானை, ஆர் ஆயா,” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

உம்முடைய அல்பத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். உம்மைப் போல ஒருத்தியை உங்களில் எவள் கண்டிருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது, “இனிப் பாக்கமாட்டன்” என்பதுதான்.

எப்படிச் சொல்லி விலகுவது? எனக்குச் சுகமில்லை என்றால் நீர் சூப்போடு வந்து நிற்பீர். துடக்கு, சாவுத் தீட்டு என்றால் வரமாட்டீர் என்று நினைத்தேன். எங்கள் ஆட்கள் துக்கம் விசாரிக்க வருவார்கள். ஆனால் வாய் நனைக்கமாட்டார்கள், பச்சைப் பிள்ளையைத் தூக்கி வரமாட்டார்கள். முப்பத்தொரு நாள். அதற்குள் எல்லாம் ஆறிவிடும். சனிக்கிழமை மாலை லிஃப்ற்றடியில் உம்மைக் கண்டு, எனக்குத் தெரிந்த நாலு இங்கிலீசுச் சொல்லில் சொன்னேன்: “மை சிஸ்ரர் டெட். நோ பேபி.” அந்தக் கிழமைகளில் ஊரில் போரில் சனங்கள் உண்மையாகவே செத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையாக அழுதவர்கள் இந்தக் கட்டிடத்திலேயே இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று உயிரோடிருந்த என் அக்காவைச் சாகக் கொடுத்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. நீர். ஆட்டத்துக்கு உடுத்த உடுப்போடு, தலைமயிரை இறுக்கக் கட்டி, இடுப்பில் நோராவோடு. கையில் துணியால் சுற்றிய, கோதுமை மாவில் சுட்ட பாண், திராட்சை போட்டது, இன்னும் சூடு ஆறாதது. துடக்கு வீட்டுக் குசினிக்குள் நேரே போய்க் கேத்திலை வைத்தீர். இருந்த கோப்பைகளைக் கழுவினீர். பிறகு வந்து பக்கத்தில் இருந்து என்னைக் கட்டிப்பிடித்தீர். உங்கள் ஊரில் சாவென்றால் உள்ளே வந்து உட்காருவதுதான் முறை என்று எனக்கு யார் சொன்னது?

மகனும் கௌரியும் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். பதினொரு மணியாயிற்று. நீர் எழும்பவில்லை. பன்னிரண்டு. நான் மணிக்கூட்டைக் காட்டினேன். “யூ கோ. பிளே.” தலையை ஆட்டி மறுத்தீர். நெஞ்சில் கையை வைத்து, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னீர்: “மை மம்மா. டெட். மீ, இத்தாலி. பிளே.” பிறகு, “அலோன்,” என்று சொல்லி உம்மைத் தொட்டுக் காட்டினீர். என்னைத் தொட்டு, “நோ அலோன்,” என்றீர்.

விளங்கிவிட்டது. தாய் செத்த நாளில் போய்ச் சேர முடியாமல், தூர தேசத்தில் பந்தடித்துக்கொண்டு நின்றிருக்கிறீர். இன்னொருத்தியைத் தூர தேசத்தில் அப்படித் தனியே விடமாட்டீர். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. உம்முடைய தோளில் விழுந்து அழுதேன். அக்காவுக்கு அழுகிறேன் என்று நீர் முதுகைத் தடவினீர்.

பொய் என்பதற்கு இங்கிலீசில் என்ன சொல் என்று அன்று எனக்குத் தெரியாது. அதையும் கனகாலம் சாட்டாகச் சொல்லிக்கொண்டேன். சிரித்தாலே போதும், கையை விரித்தாலே போதும், உமக்கு விளங்கியிருக்கும். ஒரு மணிக்குச் சொல்லியிருந்தாலும் ஒரு ரக்ஸி பிடித்து ஓடியிருப்பீர்.

“சிஸ்ரர் நேம்?” என்று கேட்டீர். சொன்னேன். “செல்லம்மா,” என்று இரண்டு தரம் சொல்லிப் பழகினீர்.

சரியாக இரண்டு மணிக்கு நீர் மணிக்கூட்டைப் பார்த்தீர். ஒரே ஒரு தரம். பிறகு எழும்பி, மகனின் சொக்ஸ் இரண்டு சோடியை உருண்டையாகச் சுற்றி, வதனியையும் நோராவையும் கூட்டிக்கொண்டு வெளியே மாடி நடைக்குப் போனீர். நான் கதவடியில் நின்று பார்த்தேன். பக்கத்து வீடுகளின் குழம்பு மணத்துக்கும் பழைய காப்பெற்றுக்கும் நடுவில், அந்த உருண்டை உம்முடைய காலில் ஏறி, முழங்காலில் ஏறி, நெற்றியில் நின்று, திரும்பக் காலுக்கு வந்தது. ஒரு தரமும் நிலத்தில் விழவில்லை. பிள்ளைகள் “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று எண்ணினார்கள். நீர் ஆடி நான் பார்த்தது அது ஒன்றுதான். என்னை மறந்து கைதட்டினேன். சாவு வீட்டுக்காரி கைதட்டினதைப் பார்த்து உம்முடைய முகம் மலர்ந்தது. அந்த முகம்தான் என்னை விடுகுதில்லை.

திங்கட்கிழமை கௌரி வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமலே என் முன்னால் நின்றாள்.

“மாமி, பெரியம்மா எப்ப செத்தவ?”

நான் வதனியின் சட்டைகளை மடிக்கத் தொடங்கினேன்.

“பக்டரியிலை நோராவின்ரை அம்மா எல்லாருக்கும் முன்னாலை வந்து என்னைக் கட்டிப்பிடிச்சுக் கவலை சொல்லுறா. நான் என்னத்தைச் சொல்ல? தலையை ஆட்டிப்போட்டன். என்னையும் பொய்க்காரியாக்கிப் போட்டியள். கீழ்மாடிக்காரி ஒருத்தி நோராவைப் பாக்கிறன் எண்டவவாம், மாமி. இவ ஆட்டத்துக்குப் போயிருக்கலாம். உங்களுக்காண்டித்தான் போகேல்லை.”

இரண்டு நாள் கழித்துப் பூசை அட்டையோடு வந்தீர். இரண்டு கையாலும் வாங்கினேன்.

இத்தாலிக்காரர் அன்று உம்முடைய இடத்தில் நின்ற ஒரு சின்னப் பெண்ணைக் கூட்டிப்போனார் என்று கௌரி பக்டரியில் கேள்விப்பட்டாள். நீர் எங்களுக்கு ஒரு சொல்லும் சொல்லவில்லை. முப்பத்தொரு நாள் முடிய நோராவைத் திரும்பக் கொண்டுவந்தீர். நானும் வாங்கிப் பார்த்தேன். இலையுதிர் காலத்தில் முழங்கால் திரும்பவும் உம்மைக் கைவிட்டது. அடுத்த வருடம் அயர்லாந்துக்குப் போய்விட்டீர். ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் கார்ட் வரும். அதில் அக்காவின் பெயரையும் எழுதி, நினைத்துக்கொள்கிறேன் என்றிருப்பீர். கௌரி அதை வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

உம்மை முதலில் மறித்தது உங்கள் ஊர்ப் பாதிரியார். கடைசியாக மறித்தது நான். அவராவது நேரே சொன்னார்.

நேற்று எட்டுச்செலவுக்கு அக்காவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறியும் உழுத்தம் வடையும் வைத்துப் படைத்தோம். பக்கத்தில் ஒரு துண்டுத் திராட்சைப் பாண் இருந்தது. நான் சொல்லவில்லை, கௌரி தானாகவே வைத்திருந்தாள். பவளமும் வந்திருந்தாள். வெளியே வதனி சொக்ஸ் உருண்டையைக் காலில் தட்டிக்கொண்டு நின்றாள். இப்போது ஏழு வயது. முப்பது, நாற்பது என்று விழாமல் தட்டுவாள். பள்ளிக்கூடத்தில் பெடியளோடு சேர்த்து அவளையும் அணியில் எடுத்திருக்கிறார்கள். அதை நான் சொல்லாத வீடு மல்வேர்னில் இல்லை. யார் பழக்கினது என்று கேட்டால் மட்டும், “தன்ரை பாட்டிலை பழகினது, எங்கடை ரத்தமெல்லோ,” என்பேன். அப்படித்தான் நாலு வருடமாகச் சொல்லி வந்தேன்.

“உன்ரை பேத்தி கெட்டிக்காரியடி,” என்றாள் பவளம். “உதை ஆர் பழக்கினது?”

“ஆறாம் மாடியிலை இருந்த பிள்ளை. நீ என்னை ஆயா எண்டு சொன்னியே, அந்த வெள்ளைக்காரி.”

“அவளோ? அவள் இப்ப எங்கை?”

“செத்துப்போனாள். நீ சொன்னதுக்கு அடுத்த நாள், என்ரை அக்கா செத்துப்போச்சு எண்டு அவளுக்குப் பொய் சொன்னனான். அதை நம்பி என்னோடை வந்து இருந்தவள். அதாலை அவளின்ரை பிழைப்புப் போச்சு.”

பவளம் அக்காவின் படத்தைப் பார்த்தாள். “உயிரோடை இருந்த மனிசியையோ?”

“ஓம்.”

அவள் எழும்பிப்போய்ச் சப்பாத்தைப் போட்டாள். அவளைக் குறை சொல்லவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது மட்டும்தான். பொய் என்னுடையது. சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. ஆனால் நாலு வருடத்துக்குப் பிறகு கௌரி என் முகத்தைப் பார்த்தாள்.

எல்லோரும் போனபிறகு அட்டையைத் திறந்து மடியில் வைத்தேன். உம்முடைய பெயரை இங்கிலீசில் எழுதத் தெரியாது. அக்காவின் பெயருக்குக் கீழே, ஐந்தாம் வகுப்புக் கையெழுத்தில், தமிழில் எழுதினேன். பிறகு அக்காவின் படத்துக்கு முன்னால், விளக்கடியில் வைத்தேன். இனி அது சேலைக்கு அடியில் போகாது. வருகிறவர்கள் இரண்டாவது பெயர் யார் என்று கேட்கட்டும்.

ஒரு பூசை இரண்டு பேருக்குக் காணுமோ தெரியாது, பிள்ளை.