ஏரிக்கரை என்று சொல்லிவிட்டுப் போனவள்

பூஷினை கிராமம், லித்துவேனியா
செப்டம்பர் 12

என் கண்ணு ஜிவிலேவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டி யொகூபஸும் சளி இருமல் எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். நார்வேயில் மழை விட்டதா? இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் அப்பா நலம், பசு நலம், நாய்கூட நலம், என்னைப் பற்றி மட்டும் அப்படி எழுத முடியவில்லை. போனில் நீ கேட்ட உடனே என் வாய் யோசிக்காமல் நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடுகிறது. காகிதத்தில் அவ்வளவு வேகமாகப் பொய் வரமாட்டேன் என்கிறது, அதனால்தான் கடிதம். மூன்று நாளாக எழுதுகிறேன், நாலு வரி எழுதினால் விரல் கணுக்கள் வலித்து மடங்க மறுக்கின்றன, அதனால் கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

போன வருஷம் ஆகஸ்டில் என்னை உண்ணி கடித்தது உனக்குத் தெரியும், மாத்திரை சாப்பிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்தேன். முழுக் கதையைச் சொல்லவில்லை. காட்டிலிருந்து வந்தால் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துக்கொள்வது நம் வீட்டில் என்றும் உள்ள வழக்கம்தானே, ஆனால் அந்த வாரம் உன் அப்பா என்னைக் கேட்காமல் பழைய டிராக்டரை யாருக்கோ தூக்கிக் கொடுத்ததால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. பேசாத மனுஷனிடம் தொடையைக் காட்டி உண்ணி பார் என்று எப்படிச் சொல்வது? பத்து நாள் கழித்து முழங்காலுக்குப் பின்னால் சிவப்பாக ஒரு வட்டம், நடுவில் வெளுப்பு, தட்டு அளவுக்குப் பெரிதாகிக்கொண்டே போனது. அது உண்ணி கொண்டுவரும் லைம் நோய் என்று இந்தக் காட்டில் பிறந்த எவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்படியும் ஐந்து வாரம் டாக்டரிடம் போகவில்லை. ஏன் தெரியுமா? அங்கே நர்ஸாக இருப்பது பக்கத்து வீட்டு ஸ்டாசேயின் மருமகள். எந்தக் காட்டில் கடித்தது, எந்தப் பக்கம் போனீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். அந்த வருஷம் பராவிகஸ் காளான் கொட்டிக் கிடந்த வருஷம், யாருக்கும் சொல்லாத என் இடத்தில் ஒரே காலையில் மூன்று கூடை. காட்டின் பெயரைச் சொன்னால் போதும், ஸ்டாசேக்கு மூக்கில் வியர்த்துவிடும், மறுநாள் விடிவதற்குள் கூடையோடு நிற்பாள். முதல் உறைபனி விழுந்து காளான் தீர்ந்த பிறகுதான் போனேன். அப்போதும் எங்கே கடித்தது என்று கேட்டதற்கு உருளைக்கிழங்குத் தோட்டத்தில் என்று சொன்னேன். நீ சிரிப்பாய், சிரித்துக்கொள்.

மூன்று வாரம் மாத்திரை சாப்பிட்டேன். அதன் பிறகு வயிறுதான் சரியில்லாமல் போனது, வலியும் அசதியும் போகவில்லை. காலையில் எழுந்தால் தூங்கியதாகவே இல்லை, பால் கறந்துவிட்டு வந்தால் ஒரு நாள் முழுக்க விறகு பிளந்த அசதி. முட்டி ஒரு வாரம் வீங்கும், ஒரு வாரம் சும்மா இருக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், தலைக்குள் இருக்கும் மந்தத்தைத்தான் தாங்க முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன், அது பொங்கிக் கருகி நாற்றம் வந்த பிறகுதான் பால் வைத்தது நினைவுக்கு வந்தது. டாக்டர் அம்மா நல்லவள், மறுபடியும் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். கிருமி இப்போது இல்லை, திரும்பத் திரும்ப மாத்திரை கொடுத்தால் கெடுதல்தான், சிலருக்கு உடம்பு தேற மாதக்கணக்கில், ஏன் அதற்கு மேலும் ஆகும் என்றாள். நான் நடிக்கிறேன் என்று அவள் நினைக்கவில்லை, அதுவே பெரிய ஆறுதல். ஊரில் அந்த ஆறுதலும் இல்லை. வெளியில் பார்க்க நான் கன்னம் சிவந்து கல்லுக்குண்டு மாதிரிதானே இருக்கிறேன். ஸ்டாசே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எல்லாருக்கும்தான் வயசாவுது தெக்லே, உனக்கு மட்டும் அதுக்கு ஒரு பேரு கெடச்சிருக்கு" என்றாள். பதிலுக்குச் சொல்ல நல்லதாக ஒன்று இருந்தது, ஆனால் அது நாக்குக்கு வருவதற்குள் அவள் போய்விட்டாள். முன்பெல்லாம் எனக்கு அப்படி நடக்குமா?

இப்போது போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவிடம் சொல்லாதே என்று நான் கேட்கவில்லை, அவர்தான் இதை எழுதச் சொன்னார். மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது, உடம்பும் அன்று லேசாக இருந்தது, கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று கேட்டார். ஏரிக்கரைப் பக்கம் என்றேன். நாற்பது வருஷமாக நான் கிழக்கே போனால் மேற்கே என்று சொல்பவள், காளான் இடத்தை என் அம்மா எனக்கே சொன்னதில்லை, நான்தான் அவள் பின்னாலேயே ஒளிந்து போய்த் தெரிந்துகொண்டேன். போய் அரைக் கூடை எடுத்திருப்பேன். குனிந்து நிமிர்ந்தபோது இரண்டு முட்டியும் பிடித்துக்கொண்டது. மெதுவாகப் பாசியில் உட்கார்ந்தேன். வலி அடங்கி எழுந்து பார்த்தால் ஜிவிலே, வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. எல்லா பைன் மரமும் ஒரே மரமாக இருந்தது. சூரியனைப் பார்த்துத் திசை பிடிக்க நான்தானே உனக்குச் சொல்லிக் கொடுத்தேன், அன்று சூரியன் இருந்தது, அதை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பதுதான் மறந்துவிட்டது. கொஞ்ச தூரம் நடப்பேன், என் காலடித் தடத்துக்கே திரும்பி வருவேன். போனை வழக்கம்போல அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருந்தேன். உட்கார்ந்து அழுதேன், அதை மறைக்க ஒன்றும் இல்லை.

உன் அப்பா மத்தியானத்திலிருந்து ஏரியைச் சுற்றியிருக்கிறார். ஊரில் ஆறேழு பேர், ஸ்டாசேயும்தான், நாணல் நாணலாக விலக்கிக் கூப்பிட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள். அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கழியால் துழாவினாராம், இதை ஸ்டாசேதான் பிறகு என்னிடம் சொன்னாள், சொல்லும்போது அவள் என்னைக் கிண்டல் செய்யவில்லை. பொழுது சாயும் நேரத்தில் என் இடத்துக்கே நேராக நடந்து வந்தார், பேன்ட் முழுக்க ஈரம், சேறு. இந்த இடம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டேன், என் புத்தியைப் பார்.

"இருவது வருஷமாத் தெரியும்," என்றார். "நீ ஏரிக்கரைன்னு சொன்ன, நான் ஏரிக்கரையில தேடினேன். நீ எங்கிட்டயும் பொய் சொல்லுவேன்னு கடைசியாத்தான் தோணிச்சு."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். களைத்துப்போய்ச் சொன்னார். கூடையை ஒரு கையிலும் என்னை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தார். இப்போது எங்கே போகிறேன் என்று உள்ளதைச் சொல்லித்தான் போகிறேன், பாதி நாள் அவரும் கூட வருகிறார், காளானைக் கண்டாலும் நான் எடுக்கட்டும் என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இனி உன் விஷயம். அக்டோபரில் நீ வேலைக்குத் திரும்பும்போது வசந்தம் வரை யொகூபஸைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று மூன்று தடவை போனில் சொல்லிவிட்டேன். நீயும் அதை நம்பி அங்கே குழந்தைக் காப்பகத்தில் இடம் கேட்காமல் இருக்கிறாய். ஏரிக்கரையில் உன் அப்பா தேடியது போலத்தான் அது. கண்ணு, என்னிடம் அவனைத் தனியாக விட்டுவிட்டு நீ போகக் கூடாது. மாடிப்படியில் அவனைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது முட்டி பிடித்துக்கொண்டால்? வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போய் வீடு எந்தத் தெரு என்று மறந்து நின்றால்? கருகிய பாலைக் கொட்டிவிட்டுப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொள்ளலாம், குழந்தையை என்ன செய்வது? இதை நினைத்துத்தான் தூக்கம் போகிறது, நோயால் மட்டும் இல்லை. நாளைக்கே போய்க் காப்பகத்தில் பெயர் எழுதிவை.

எனக்கு அவனைப் பார்க்க வேண்டும், வாசனை பிடிக்க வேண்டும், அது வேறு. நான் வந்தால் மத்தியானம் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திப் படுத்திருப்பேன், சொன்னதையே திரும்பச் சொல்லுவேன், நல்ல நாளில் உருளைக்கிழங்கு அடை சுட்டுத் தருவேன், கெட்ட நாளில் நீதான் எனக்குத் தேநீர் வைக்க வேண்டும். ஒத்தாசையாக வர மாட்டேன், உனக்கு இன்னொரு வேலையாகத்தான் வருவேன். இதெல்லாம் மாப்பிள்ளையிடமும் படித்துக் காட்டு, இரண்டு பேரும் பேசி எழுதுங்கள். முடியாது என்றால் முடியாது என்றே எழுது, எனக்காக மழுப்ப வேண்டாம்.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். குழந்தையைப் புல்லில் விட்டு எடுத்தால் காதுக்குப் பின்னாலும் முழங்காலுக்குப் பின்னாலும் தினமும் பார், மாப்பிள்ளையோடு சண்டை போட்ட நாளிலும் பார். அப்பா தன் முத்தத்தையும் சேர்த்து எழுதச் சொல்கிறார். நான் எப்படி இருக்கிறேனோ அப்படியே வரட்டுமா என்று கேட்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

உன் அம்மா
தெக்லே