இரண்டு பாட்டிலிலும் தண்ணீர்

மார்ச் 3

புது மாஸ்க் வந்தாயிற்று. இரண்டு கன்னத்திலும் டப்பா வைத்த மாஸ்க். மேனேஜர் பெட்டியைத் தானே பிரித்து, ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு யார்டை ஒரு சுற்று சுற்றி வந்தார். புதுச் செருப்பு வாங்கிய குழந்தை தோற்றது.

"இனிமே எந்த டேங்குக்குள்ள வேணா இறங்கலாம், என்னம்மா?" என்றார்.

"இல்ல சார்" என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது.

நாங்கள் கழுவுவது டேங்கர் லாரிகளை. சாயம், பசை, எண்ணெய், தின்னர் என்று எதை ஏற்றி வந்தாலும் சரி. தண்ணீர் அடித்தும் போகாத பிசுக்கை ஆட்கள் உள்ளே இறங்கிச் சுரண்டுவார்கள். அவர்களை உயிரோடு மேலே வரவைப்பது என் வேலை. போர்டில் 'பாதுகாப்பு அலுவலர்' என்று எழுதியிருக்கிறது. இறங்கும் ஆட்களுக்குத் தலைவர் என் வீட்டுக்காரர். அலுவலகத்தில் அவர் என் பேச்சைக் கேட்க வேண்டும், வீட்டில் நான் அவர் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது யார்டில் எல்லோரும் செய்யும் கிண்டல். உண்மையில் இரண்டு இடத்திலும் யாரும் யார் பேச்சையும் கேட்பதில்லை.

மேனேஜருக்கு மறுபடியும் விளக்கினேன். இந்த டப்பா கெட்ட ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். காற்றை உண்டாக்காது. உள்ளே ஆக்சிஜன் குறைவாக இருந்தால் தங்கத்தில் டப்பா செய்து மாட்டினாலும் ஆள் சுருண்டு விழுவான். அந்த மாதிரி டேங்குக்கு வெளியிலிருந்து குழாயில் காற்று வரும் மாஸ்க்தான் வேண்டும். "பாக்கலாம்மா" என்றார். அவர் 'பார்க்கலாம்' என்றால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம்.

மார்ச் 4

காலையிலிருந்து ஆளாளுக்கு வந்து, "அண்ணி, எனக்கு எந்த மாஸ்க்?" என்று கேட்கிறார்கள். எந்தக் காற்றுக்குள் போகப்போகிறாய் என்பதல்லவா முதல் கேள்வி? தூசிக்கு உள்ளது ஆவியைத் தடுக்காது. ஆவிக்கு உள்ளது காற்றில்லாத இடத்தில் உதவாது. எத்தனை தடவை கத்தினாலும் கடைசியில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது என் வீட்டுக்காரரைத்தான்.

அவருக்கு இங்கே பெயரே 'மூக்கு'. டேங்க் வாயில் ஒரு நிமிடம் நின்றாரென்றால் போதும். முந்தின லோடு என்ன, அதற்கு முந்தினது என்ன, இறங்கலாமா கூடாதா, எல்லாம் சொல்லிவிடுவார். "மூக்கண்ணன் சரின்னா சரி" என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்குவார்கள். மூக்கில் வாசனை ஏறினால் டப்பா தீர்ந்துவிட்டது, மேலே வா — உள்ளே போனபிறகும் இதுதான் இவர்கள் சட்டம். மணி பார்த்து டப்பாவை மாற்றுங்கள் என்று நான் சொல்லி என் தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

மார்ச் 6

மாஸ்க் முகத்தில் ஒட்டுகிறதா என்று எல்லோருக்கும் சோதனை. உடை மாற்றும் அறை மூலையில் பிளாஸ்டிக் ஷீட்டைக் கூடாரம்போலத் தொங்கவிட்டேன். உள்ளே வாழைப்பழ வாசனை அடிக்கும் எண்ணெயைத் துணியில் நனைத்துக் கட்டியிருக்கும். மாஸ்க்கோடு உள்ளே நின்று தலையை ஆட்டி, குனிந்து, பேசிப் பார்க்க வேண்டும். வாசனை வந்தால் எங்கோ ஓட்டை.

அதற்கு முன்னால் ஆளுக்கு மூக்கு வேலை செய்கிறதா என்று பார்க்க இரண்டு பாட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஒரு சொட்டு எண்ணெய் கலந்த தண்ணீர். எதில் வாசனை என்று சொல்ல வேண்டும்.

ஒல்லி என்று நாங்கள் கூப்பிடும் ஆளுக்கு ஒரு வாரத் தாடி. கூடாரத்துக்குள் போன வேகத்தில் திரும்பி வந்தான். "அண்ணி, உள்ள பழக்கடையே இருக்கு!" என்றான். போய்ச் சிரைத்துக்கொண்டு வா என்று விரட்டினேன். இன்னொருவருக்கு அளவு பெரிது, சின்னதாக மாற்றினேன். நன்றாக இருந்த ஆட்களுக்கும் பட்டையை வேண்டுமென்றே தளர்த்தினால் உடனே வாசனை தெரிந்தது.

அவர் கடைசியாக வந்தார். பாட்டிலைச் சரியாகச் சொன்னார். கூடாரத்துக்குள் குனிந்தார், நிமிர்ந்தார், எண்களைச் சத்தமாகச் சொன்னார். "ஒண்ணும் வரல" என்று கட்டைவிரலைக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

வெளியே வந்தபோதுதான் பார்த்தேன். கீழ்ப்பட்டையை நான் கொக்கியில் மாட்டவே இல்லை. பின்கழுத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

மார்ச் 7

அடுப்பில் பால் அடிபிடித்துக் கரியாகிவிட்டது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். மாமியார் மாடியிலிருந்து நாற்றம் தாங்காமல் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். இவர் அடுப்படி வாசலில், கைக்கெட்டும் தூரத்தில், பாப்பாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கவனிக்கலம்மா" என்றார்.

கவனிக்கவில்லையா? வீடு முழுக்கப் புகை.

அந்தத் தொங்கிய பட்டை காலையிலிருந்து கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. வேண்டாம். அப்படியெல்லாம் இருக்காது. ஜலதோஷமாக இருக்கும்.

மார்ச் 9

"உங்க பேப்பர்ல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு, சோதனையை இன்னொரு தடவை செஞ்சிடலாம்" என்று பொய் சொல்லி அவரை அறைக்குக் கூப்பிட்டேன். இரண்டு பாட்டிலிலும் வெறும் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தேன்.

ஒன்றைத் திறந்து முகர்ந்தார். மற்றதைத் திறந்தார். அவர் பாட்டிலைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். என் கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். அன்றைக்கும் அப்படித்தான் பார்த்திருப்பார், நான்தான் காட்டிக்கொடுத்திருப்பேன்.

"இடது பக்கம். நல்லா வருதே" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது? அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பயம்தான். இத்தனை பேர் அந்த மூக்கை நம்பி இறங்குகிறார்களே. அவரும் இறங்குகிறாரே. டப்பா தீர்ந்து விஷம் நேராக நெஞ்சுக்குப் போனாலும் இந்த மனுஷனுக்குத் தெரியாதே.

மார்ச் 10

கேட்டுவிட்டேன். மாமியார் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போயிருந்தார்.

"ரெண்டு பாட்டில்லயும் தண்ணிதான் இருந்துச்சு."

முதலில் சிரித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"எப்போலேர்ந்து?"

"மூணு வருஷம் இருக்கும். கொஞ்சம் கொஞ்சமா போச்சு. திரும்ப வந்துடும்னு நினைச்சேன்."

"அப்போ டேங்க் வாயில நின்னு என்னத்த மோந்து பாக்கறீங்க?"

டிரைவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து என்ன ஏற்றினாய் என்று முன்பே கேட்டுவிடுவாராம். வால்வு ஓரத்துப் பிசுக்கை விரலில் தேய்த்துப் பார்ப்பாராம். மீதி, நடிப்பு. அடப்பாவி மனுஷா! எனக்குச் சிரிப்பும் வந்தது, அவர் தலையில் பாத்திரத்தை எடுத்துப் போடலாம் போலவும் வந்தது.

"நீ வெளிய சொல்லிடாத. சொன்னா அங்க நான் யாரு? ஓரமா நின்னு பைப்பு பிடிக்கற ஆளு. நீயே என்னை அப்படி ஆக்காத."

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

மார்ச் 11

வீட்டில் பேச்சில்லை. பாப்பா வழியாகத்தான் உப்பு கேட்டோம்.

மார்ச் 12

சனிக்கிழமை ஒரு பெரிய டேங்கர் வருகிறதாம். அடுத்த லோடு காத்திருக்கிறது, அன்றைக்கே இறங்கி முடித்தாக வேண்டும் என்கிறார் மேனேஜர். காற்றை அளக்கும் மீட்டர் பழுது பார்க்கப் போய் இன்னும் வரவில்லை. காற்றுக் குழாய் மாஸ்க் 'பார்க்கலாம்' கணக்கில் கிடக்கிறது.

"மீட்டர் இல்லாம நான் அனுமதி கொடுக்கமாட்டேன் சார்."

"உங்க வீட்டுக்காரர்தானேம்மா முன்னால நின்னு பாக்கறாரு? புருஷன் மேலயே நம்பிக்கை இல்லையா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

மார்ச் 13

பக்கத்துச் சிலிண்டர் கிடங்கு சூப்பர்வைசரிடம் கெஞ்சி மீட்டரைக் கடன் வாங்கிவிட்டேன். நல்ல மனுஷர். பேட்டரியைக்கூட மாற்றிக் கொடுத்தார்.

சோதனைப் படிவத்தில் என் வீட்டுக்காரர் பெயருக்கு நேரே 'தகுதி இல்லை' என்று எழுதினேன். எழுத்து கோணலாக விழுந்தது. மேனேஜரிடம் கொடுப்பதற்கு முன் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று சாப்பிடும்போது சொன்னேன்.

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தார். "எழுதிக்கோ. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கு நல்ல கூலி."

நானும் கத்தினேன். "நீங்க பொணமா வந்தா அந்தக் கூலியை யார்கிட்ட போய் வாங்கறது?" சொல்லியிருக்கக் கூடாது. பாப்பா பயந்து அழுதுவிட்டது.

மார்ச் 14

டேங்கர் காலையிலேயே வந்து நின்றது. படிவம் என் பையில் இருந்தது, மேனேஜரோ நேராக லாரிக்குப் போய்விட்டார். நான் மீட்டரையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

மூடியைத் திறந்திருந்தார்கள். ஒல்லி ஓரமாக நின்று மூக்கை உறிஞ்சினான். "அண்ணி, ஒரு வாசனையும் இல்ல. இவ்வளவு சுத்தமான டேங்கை நான் பாத்ததே இல்ல!" என்றான். அவன் புது மாஸ்க்கை மாட்டி, காலை ஏணியில் வைத்துவிட்டான்.

"இறங்காதே!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

"ஏம்மா சும்மா பயமுறுத்தறீங்க?" என்றார் மேனேஜர். "மூக்கு, நீ பாத்துச் சொல்லுப்பா. நீ சொன்னா இறங்கட்டும்."

அவர் மேலே ஏறினார். என்னைத் தாண்டிப் போகும்போது பார்க்கவே இல்லை. டேங்க் வாயருகே மண்டியிட்டார். தலையை உள்ளே விட்டுவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒல்லி இறங்கிவிடுவான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

அவர் அப்படியே மண்டியிட்டு இருந்தார். முதுகுதான் தெரிந்தது. பிறகு கையை நீட்டி ஒல்லியின் பெல்ட்டைப் பிடித்து மேலே இழுத்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

"என்னப்பா தெரியாது?"

"வாசனை தெரியாது சார். மூணு வருஷமாவே தெரியாது. அவ சரியாத்தான் எழுதியிருக்கா. மீட்டரை விடச் சொல்லுங்க."

நான் ஏறிப்போய்க் கயிற்றில் கட்டி மீட்டரை உள்ளே இறக்கினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை, அது அலறத் தொடங்கிவிட்டது. ஆக்சிஜன் எட்டு சதவீதம் என்று காட்டியது. வெளியே நாம் மூச்சு விடும் காற்றில் இருபத்தொன்று இருக்கும். இறங்கியிருந்தால் ஏணியின் கடைசிப் படிக்குள் நினைவு போயிருக்கும். மாஸ்க் முகத்தில் அழகாகவே இருந்திருக்கும்.

டிரைவர் அப்போதுதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார். "தீப்பிடிக்கக் கூடாதுன்னு அங்க நைட்ரஜன் நிரப்பி அனுப்பினாங்க மேடம். அது ஒண்ணும் பண்ணாதுன்னு சொன்னாங்களே?"

நைட்ரஜனுக்கு வாசனையே கிடையாது.

அவர் கீழே இறங்கி லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார்.

"மூக்கு நல்லா இருந்தப்பவும் எனக்கு இது தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்போ இத்தனை வருஷமும் சும்மா தப்பிச்சு வந்திருக்கேன்" என்றார்.

மார்ச் 16

ஒல்லி அவரோடு பேசுவதில்லை. இன்று தண்ணீர்க் குழாயடியில் வழிமறித்து, "உங்களை நம்பித்தானேண்ணே இறங்கினோம்? எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். எனக்கு ஒல்லி மேல் கோபம் வந்தது. அவன் சொன்னதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. ஆனாலும் வந்தது.

படிவத்தை மேனேஜர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். காற்றுக் குழாய் மாஸ்க்குக்கு ஆர்டர் போயிருக்கிறது. இந்தத் தடவை 'பார்க்கலாம்' என்று சொல்லவில்லை.

மார்ச் 25

டாக்டர் நிறையச் சோதனை எடுத்தார். தின்னர் ஆவியை வருஷக்கணக்காகச் சுவாசித்ததால் இருக்கலாமாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம், பார்க்கலாம் என்றார். வெளியே வந்ததும் இவர், "நம்ம மேனேஜருக்கு அண்ணன் போல" என்றார். இரண்டு வாரத்துக்கப்புறம் சேர்ந்து சிரித்தோம்.

ஏப்ரல் 5

அவர் இப்போது டேங்க் வாயில் காவல். உள்ளே போகிறவனின் காற்றுக் குழாய் மடங்காமல் பார்ப்பது, மீட்டரைப் படிப்பது, கயிறு இழுபட்டால் குரல் கொடுப்பது. யாராவது பட்டையைச் சரியாக மாட்டாமல் வந்தால் என்னைவிட மோசமாகத் திட்டுகிறார். இன்று ஒல்லியின் கீழ்ப்பட்டையை அவரே இழுத்துக் கொக்கியில் மாட்டினார். ஒல்லி கழுத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். பேசவில்லை, ஆனால் நின்றான்.

சாயங்காலம் பாப்பாவைக் குளிப்பாட்டித் துண்டோடு அவர் மடியில் உட்காரவைத்தேன். அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் இருந்தார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"இவ பொறந்தப்போ எல்லாரும் வாங்கி மோந்து பாத்துட்டு என்னென்னமோ சொன்னீங்க. நானும் ஆமா ஆமான்னேன்" என்றார். "எனக்கு ஒரு நாள்கூடத் தெரிஞ்சதில்ல. எப்படி இருக்கும்?"

துணியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து முகர்ந்தேன். தினமும் முகர்கிறேன், சொல்ல வரவில்லை. வெயிலில் காய்ந்த துணி மாதிரி என்றேன். கொஞ்சம் பால். காதுக்குப் பின்னால் கொஞ்சம் வேர்வை, புளிப்பாக.

"புளிப்பா?"

"லேசா."

"சரி" என்றார். "மெதுவா இன்னொரு தடவை சொல்லு."