சங்கர் பிரித்துப்போட்ட இஞ்சின்

11 பிப்ரவரி 1979, ஞாயிறு

காலையில் பனிமூட்டம். பத்து மணிக்கு மேல்தான் வெயில். ஜனக்புரி முழுக்க மொட்டைமாடிகளில் ரஜாய்ப் போர்வை காய்கிறது.

செய்ய வேண்டியவை: ரேஷன் சர்க்கரை. மின்சார பில். சங்கர் எடுத்த நூலகப் புத்தகம் இரண்டு, திருப்பிக் கொடுக்க. பழைய மைனர் கார்.

காலனி செயலாளர் வந்தார். வீட்டு முன்னால் வடிகால் தோண்டப்போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் வண்டியை நகர்த்த வேண்டும். தயங்கித் தயங்கிச் சொன்னார். இருபத்திரண்டு வயதுப் பையன் போன வீட்டில் எப்படி உட்காருவது என்று யாருக்கும் தெரிவதில்லை. எல்லோரும் நாற்காலி நுனியில்தான் உட்காருகிறார்கள். டீ மட்டும் முழுசாகக் குடித்தார்.

வண்டி செங்கல் அடுக்கின் மேல் நிற்கிறது. முன்னால் மூடியைத் திறந்தால் வெறும் குழி. இஞ்சினை நவம்பரில் சங்கர் இறக்கினான். ஒரே புகை, ஒரே தட்டல் சத்தம், பிரித்துச் சரி பண்ணிவிடுகிறேன் என்றான். அதன் பெரிய உடல் பின்முற்றத்தில் சாக்கின் மேல். மற்ற சாமான்கள் டப்பாக்களில். ஜனவரியில் அவனுக்கு மஞ்சள் காமாலை. பதினோரு நாள். அவ்வளவுதான்.

கயிறு கட்டி டிரக்கில் இழுத்துப்போய் வேறெங்காவது நிறுத்திவிடலாம் என்றேன். அடுக்களையிலிருந்து கோமதி, "இழுத்துட்டுப் போவ வேண்டாம். போறதுன்னா அதுவா ஓடிப் போவட்டும்" என்றாள். இரண்டு நாளில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது இதுதான்.

சாம்பாரில் உப்பில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போதுதான் தோன்றியது.

13 பிப்ரவரி, செவ்வாய்

அரைநாள் லீவு. குளிர் குறைவு.

திலக் நகரிலிருந்து குர்பச்சன் மிஸ்திரி வந்தார். அறுபது வயதிருக்கும். பழைய வண்டி என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோரும் இவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். சங்கர் விஷயம் அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

முற்றத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். பிஸ்டனைத் தாங்கும் நான்கு ராடு, நான்கு கேப். ராடின் அடிப்பாகத்தை கிராங்க் என்ற சுழல்தண்டோடு சேர்த்துப் பிடிக்கும் பாதி வளையம்தான் கேப். ஒவ்வொரு ராடுக்கும் அதனதன் கேப்தான் பொருந்துமாம், பக்கத்து ராடின் கேப் உதவாதாம். எட்டு வால்வுக்கும் அதே கதை. ஒவ்வொன்றும் தன் குழியிலேயே தேய்ந்து பழகியது. கேப்பில் கம்பெனி நம்பர் குத்தியிருக்கும், இதில் எந்தக் காலத்திலோ எவனோ அரம் போட்டு அழித்திருக்கிறான். கேப் எல்லாம் ஒரு டப்பா, வால்வ் எல்லாம் ஒரு டப்பா என்று கிடப்பதைப் பார்த்து மிஸ்திரிக்கு முகம் சுளித்தது.

"யே கிஸ்னே கோலா?" என்றார். யார் பிரித்தது?

கோமதி வாசற்படியில் நின்றிருந்தாள். "மேரா லட்கா" என்றாள். என் பையன்.

வேலை தெரியாத பையன் என்றார் மிஸ்திரி. இப்படிக் கலந்து போட்டவன் கிராங்கை எப்படி இழுத்தானோ, எங்கே கீறினானோ, இந்த இஞ்சினில் எதையும் நம்ப முடியாது. தூக்கிப் போடுங்கள் பாபுஜி, அம்பாசிடர் இஞ்சின் ஒன்று வாங்கி வைத்துவிடலாம், ஜல்தி முடியும். கோமதி உள்ளே போய்விட்டாள்.

நான் டப்பாக்களுக்கு மூடி போட்டேன்.

அவர்களிடம் சொல்லாததை இங்கே எழுதி வைக்கிறேன். கலந்தது சங்கர் இல்லை. நான்.

பதினாறாம் நாளுக்கு முந்தின தினம். ஊரிலிருந்து மச்சினர் குடும்பம் வந்தாயிற்று. மறுநாள் கருமாதி, முற்றத்தில் இலை போட வேண்டும், வீடு முழுக்கக் கழுவிவிடுகிறார்கள். சங்கர் சுவர் ஓரமாகச் செய்தித்தாள் விரித்து இஞ்சின் சாமான்களை வரிசையாக வைத்திருந்தான். ஒவ்வொரு சாமானுக்கும் அடியில் ஒரு துண்டுக் காகிதம், அதில் அவன் கிறுக்கல் கையெழுத்தில் நம்பர். நான் காகிதத்தையெல்லாம் கூட்டி, குப்பை அள்ளும் ஜமாதாரிடம் கொடுத்தேன். சாமானை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். வால்வோடு வால்வ், ஸ்பிரிங்கோடு ஸ்பிரிங், கேப்போடு கேப். பிஸ்கட் டப்பாக்களில் போட்டு மேலே லேபிள் ஒட்டினேன். இருபத்தொன்பது வருஷம் ரிக்கார்ட் செக்‌ஷனில் இருப்பவன் வேறெப்படி அடுக்குவான்? அந்தப் பதினாறு நாளில் எனக்கு மனசு கொஞ்சம் லேசாக இருந்தது அந்த இரண்டு மணி நேரம்தான்.

15 பிப்ரவரி, வியாழன்

பஸ் நாற்பது நிமிஷம் தாமதம். படியில் தொங்கினேன்.

ஆபீசில் பழைய கோப்புகள் கழிக்கும் வேலை. எதை வைப்பது, எதைக் கிழிப்பது. என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். கேன்டீனில் எனக்கு மட்டும் டீ முதலில் வருகிறது.

துக்கக் கடிதம் இன்னும் மூன்று. எல்லாவற்றிலும் ஒரே வாசகம். தேதி வாரியாகத் துளை போட்டு டேக் கட்டி வைத்தேன். மொத்தம் நாற்பத்தொன்று.

சாயங்காலம் படி ஏறும்போது கோமதியின் குரல். பக்கத்து வீட்டு பஞ்சாபி அம்மாளிடம் தன் ஓட்டை இந்தியில், "மேரா லட்கா ஸப் கலத் கியா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் பையன் எல்லாம் தப்பாகச் செய்துவிட்டான். அந்த அம்மாள் "கோயி பாத் நஹீ", பரவாயில்லை என்று இவள் கையைப் பிடித்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

கால் ஆணி வலி. பிளேடு வாங்க மறந்தது.

18 பிப்ரவரி, ஞாயிறு

மிஸ்திரியோடு மோதியாகான். பழைய இரும்பு மார்க்கெட். தெரு நீளத்துக்கு இஞ்சின்கள். தரையில், டயர் மேல், சங்கிலியில் தொங்கிக்கொண்டு. எந்தெந்த வண்டியிலிருந்து வந்தவையோ.

அடிபட்ட அம்பாசிடரிலிருந்து எடுத்த ஒன்று மிஸ்திரிக்குப் பிடித்தது. கடைக்காரர் அதை லாரி டயர் மேல் வைத்து, ஒரு பாட்டில் பெட்ரோலைக் கவிழ்த்து அங்கேயே ஓட்டிக் காட்டினார். உதறிக்கொண்டு ஓடியது. நன்றாகவே ஓடியது. சங்கர் இருந்தால் குனிந்து காதை வைத்துக் கேட்டிருப்பான் என்று நினைத்துப் பார்த்தேன். நினைப்பு வந்தது, அதோடு வேறெதுவும் வரவில்லை. பல் பிடுங்கிய பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி.

அம்பாசிடர் இஞ்சின் என்றால்:
முன்பக்கச் சட்டம் வெட்டி வெல்டிங்.
கியர்பெட்டியும் மாற்ற வேண்டும்.
ரேடியேட்டர் முன்னால் தள்ள வேண்டும்.
ஆர்.சி. புத்தகத்தில் இஞ்சின் நம்பர் மாற்ற மனு.
பழைய இஞ்சின், டப்பாக்களோடு, கபாடிக்காரனுக்கு, பழைய இரும்பு விலைக்கு. சனிக்கிழமை தள்ளுவண்டி வரும்.

பழையதையே சேர்ப்பது என்றால்: மிஸ்திரி தலையை ஆட்டிவிட்டார்.

டீக் ஹை, அம்பாசிடர் இஞ்சினே போடுவோம் என்று சொல்லிவிட்டேன். திரும்பும்போது மிஸ்திரி முள்ளங்கி அடைத்த மூலி பராட்டா வாங்கிக் கொடுத்தார். நன்றாகச் சாப்பிட்டேன். வெட்கமாக இருந்தது.

20 பிப்ரவரி, செவ்வாய்

மேகம். நாலு சொட்டு மழை.

சங்கரின் கிரீஸ் படிந்த காக்கி பேன்ட் கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. கோமதி சோப்பு போட்டு அடித்தாள். போகவில்லை. மறுபடி அடித்தாள். "ரெண்டு மாசமா ராத்திரி பகலா முத்தத்துல கெடந்தான். சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டான். என்னத்தக் கிழிச்சான்? கெடந்ததையும் கெடுத்துப் போட்டுட்டுல்லா போயிருக்கான்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. பேன்ட்டிடம் சொன்னாள்.

கோபம் அவளுக்கு நல்லதுதான், அழாமல் கொள்ளாமல் இருப்பதற்கு இதாவது வருகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சுத்த அயோக்கியத்தனம்.

இன்றைக்குச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். நாளைக்கு ரேஷன் போடுறானாம் என்று வந்தது.

21 பிப்ரவரி, புதன்

ஆர்.சி. மனு டைப் அடித்தேன், லஞ்ச் நேரத்தில், ஆபீஸ் மிஷினில். உரிமையாளர் பெயர், வண்டி எண், பழைய இஞ்சின் எண், புதிய இஞ்சின் எண். எல்லாம் விரல் தானே அடித்தது. பிறகு, மாற்றுவதற்குக் காரணம்.

"பிரித்தபோது ஏற்பட்ட கவனக்குறைவினால் பழைய இஞ்சின் பயனற்றுப்போனது." இங்கிலீஷில் இன்னும் சுத்தமாக வந்தது. மூன்று பிரதி.

வீட்டில் கோமதி, "என்ன எழுதிருக்கிய?" என்று கேட்டாள். தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்தாள். இங்கிலீஷ் அவளுக்குத் தெரியாது. "சரியாத்தான் எழுதிருக்கிய" என்று திருப்பிக் கொடுத்தாள்.

கையெழுத்துப் போடவில்லை. பேனாவில் மை இல்லை என்றேன். இருந்தது.

இருபத்தொன்பது வருஷத்தில் பொய்க் காகிதம் ஒன்றைக்கூட நான் கோப்பில் ஏற்றியதில்லை. மேலதிகாரி சொல்லியும் ஏற்றாமல் பதவி உயர்வைக் கோட்டைவிட்டவன். இது ஏறிவிட்டால் நான் ரிடையரானாலும், செத்தாலும், அந்த ஆபீசில் இருந்துகொண்டே இருக்கும். சங்கரின் பெயர்கூட அதில் இல்லை. ஆனால் யாரைச் சொல்கிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

22 பிப்ரவரி, வியாழன்

ஆபீசுக்குப் போகவில்லை. பஸ் பிடித்து நேரே திலக் நகர்.

மிஸ்திரி ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தார். கால் மட்டும்தான் தெரிந்தது. அவர் வெளியே வருமுன் சொல்லிவிட வேண்டும் என்று காலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இந்தியில் சொல்வது சுலபமாக இருந்தது. அந்த பாஷையில் நான் ஆபீஸ் விஷயம் மட்டும்தான் பேசியிருக்கிறேன், அழ வராது. பையன் வரிசையாக நம்பர் போட்டு வைத்திருந்தான். நான்தான் கழுவிக் கலந்தேன். பையன் இப்போது இல்லை.

கால் அசையவில்லை. பிறகு மெதுவாக வெளியே வந்து, கையைத் துடைத்து, எதிரே குந்தி உட்கார்ந்தார். எப்போது என்று கேட்டார். ஜனவரி என்றேன். வாஹேகுரு என்றார்.

அப்புறம் வேலைப் பேச்சு. நம்பர் போட்டு வைத்தான் என்றால் அவனுக்கு வேலை தெரியும். தெரிந்தவன் கிராங்கைக் கீறியிருக்க மாட்டான். அப்படியானால் இஞ்சின் கெடவில்லை பாபுஜி, கலைந்துதான் இருக்கிறது. கேப்பை ஒவ்வொரு ராடிலும் போட்டு முடுக்கி, சேரும் இடத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தெரியும். தன் கேப் என்றால் நகம் தடுக்காது. வால்வை மறுபடி அரைத்துக்கொள்ளலாம். நாலு நாள் பிடிக்கும், செய்யலாம். அம்பாசிடர் இஞ்சின் வேண்டாம் என்று மோதியாகானுக்கு அவரே சொல்லிக்கொள்கிறாராம்.

எழுந்திருக்கும்போது, கோமதியைப் பற்றி, "பீபிஜிக்குத் தெரியுமா?" என்றார். இல்லை என்றேன். சனிக்கிழமை வருகிறேன், அதற்குள் சொல்லிவிடுங்கள் என்றார்.

23 பிப்ரவரி, வெள்ளி

சொல்லவில்லை. தலைவலி. மனுவின் மூன்று பிரதியையும் கிழித்தேன்.

24 பிப்ரவரி, சனி

நல்ல வெயில். ஸ்வெட்டர் வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது மணிக்கு மிஸ்திரி வந்து முற்றத்தில் சாக்கை விரித்தார். தள்ளுவண்டிக்காரனும் வந்தான். வேண்டாம், போ என்று அனுப்பினேன். வந்த கூலியாவது கொடு என்று சண்டை போட்டான். கொடுத்தேன்.

மிஸ்திரி ஒரு கேப்பைப் போட்டு முடுக்கி நகத்தை ஓட்டினார். தலையசைத்தார். கழற்றினார். அடுத்தது. மூன்றாவதில் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்து ஓட்டிக் காட்டினார். தடுக்கவில்லை. எங்கே சேர்கிறது என்றே தெரியவில்லை. ராடில் ஒரு புள்ளி, கேப்பில் ஒரு புள்ளி குத்திவைத்தார்.

கோமதி டீ கொண்டுவந்தாள். "வேற இஞ்சின்தான போடப்போறோம்னிய, இது என்னத்துக்கு?" என்றாள்.

மிஸ்திரி டீயை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போய்விட்டார்.

சொன்னேன். கருமாதிக்கு முந்தின நாள், செய்தித்தாள், துண்டுக் காகிதம், மண்ணெண்ணெய், லேபிள். ஒன்றையும் விடவில்லை. மிஸ்திரி கேட்டபோது பக்கத்திலேயே நின்றுகொண்டு சொல்லாமல் இருந்ததையும் சொன்னேன்.

அவள் தட்டை இஞ்சின் மேல் வைத்தாள். "அப்பம் அவன் சரியாத்தான் வச்சிருந்தானா?"

"ஆமா."

"நம்பர் போட்டா?"

"ஒண்ணு விடாம."

டப்பாவைப் பார்த்தாள். லேபிளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கருமாதியன்றுகூட அவள் குரல் இப்படி உடையவில்லை.

"பத்து நாளா நான் அவன ஏசிக்கிட்டு இருந்தேன். செத்துப்போன பிள்ளய. தெருவெல்லாம் சொல்லிக்கிட்டு இருந்தேன். நீங்க பாத்துக்கிட்டுதான இருந்திய?"

ஆமாம் என்றேன்.